ஏணியும் மரமும்: செஞ்சையாவின் புதுப்படைப்புக் கொள்கையைக் குறித்த ஓர் ஆய்வு

ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரத்தையும் பரிணாமக் கொள்கையையும் ஒருங்கே வைத்துப் பேசத் தொடங்கினால், நம் சபைகளில் வாதம் விரைவில் ஒரே இடத்தில் சென்று முட்டிக்கொள்ளுகிறது. ஆறு நாள் என்றது நூற்று நாற்பத்து நான்கு மணி நேரத்தையா, ஆறு யுகங்களையா? முன்னதைப் பற்றிக்கொள்ளுவோர் தம்மை எழுத்துக்கு உண்மையானவர் என்கின்றனர். பின்னதைக் கொள்ளுவோர் தம்மை அறிவுக்கு உண்மையானவர் என எண்ணிக்கொள்ளுகின்றனர். இரு சாராரும் அந்த அதிகாரத்தைக் கால அட்டவணையாகவே வாசிக்கின்றனர். அட்டவணையின் அலகு எது என்பதில் மட்டுமே வேறுபடுகின்றனர். "நாள்" என்னும் சொல்லை உருவகமாக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று கருதும் ஆயருக்கு, நான்காம் நாளில் சூரியன் உண்டாகுமுன்னரே மூன்றாம் நாளில் கனிமரங்கள் தோன்றிவிட்டன என்பதை நினைவூட்டினால் போதும். யுகக் கணக்கும் அங்கே நின்றுவிடும்.

இவ்வாதத்தை ஒதுக்கிவிட்டு வேறொரு கேள்வியை நம் மண்ணில் எழுப்பியவர் பாண்டிபெத்தி செஞ்சையா (1886–1959). நெல்லூரில் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் பயின்று, வழக்கறிஞராகி, புதுக்கோட்டை சமஸ்தானத்தின் தலைமை நீதிபதியாகவும் பணியாற்றியவர். குருப்பட்டம் பெறாத பொதுநிலையினர். படைப்பு எப்படித் தொடங்கிற்று என்று அவர் அதிகம் கேட்கவில்லை. படைப்பு முடிந்துவிட்டதா என்று கேட்டார். நம் இறையியல் மாணவர் தேர்வுத் தாளில் அவருக்கு ஐந்து மதிப்பெண்ணுக்குரிய பத்து வரிகளை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகின்றனர். நம் பிரசங்க பீடங்களிலோ அவர் பெயர் கேட்கப்படுவதேயில்லை. அவருடைய விடையின் வலிமையையும் குறையையும் இங்கே சற்று நின்று நிறுத்துப் பார்க்க விரும்புகிறோம்.

1938ஆம் ஆண்டு டிசம்பரில் தாம்பரத்தில் உலக அருட்பணி மாநாடு கூடிற்று. அதை ஒட்டி ஹென்ரிக் கிரேமர் எழுதிய பெருநூல், கிறிஸ்தவச் செய்தியையும் பிற சமயங்களையும் இடையில் பாலமில்லாத இரு கரைகளாக நிறுத்தியது. அதற்கு மறுமொழியாக, இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்தல் என்று பொருள்படும் தலைப்புடன் சென்னையில் ஓர் ஆங்கிலத் தொகுப்பு நூல் அதே ஆண்டு வெளிவந்தது. செஞ்சையாவும், அவருடைய மைத்துனரும் தொழிற்சங்கத் தலைவருமான வி. சக்கரையும், வேறு சில நண்பரும் அதில் எழுதினர். அவர் எழுத்துகளைப் பின்னர் டி. ஏ. தங்கசாமி தொகுத்து 1966இல் வெளியிட்டார். செஞ்சையா தனி இறையியல் நூலாக ஒன்றையும் எழுதி முடிக்கவில்லை. கட்டுரை, மதிப்புரை, மறுப்புரை ஆகியவற்றிலிருந்தே அவர் எண்ணத்தைச் சேர்த்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே அவரிடம் முரண்பாடுகள் உண்டு. அவற்றைப் பொறுக்கி எடுத்துக் காட்டுவது எளிது. நாம் அதைச் செய்யப்போவதில்லை.

அவர் கொள்கையின் சாரம் இது. இயேசு, விழுந்துபோன ஆதாமைப் பழைய நிலைக்குத் தூக்கி நிறுத்த வந்த மருத்துவர் மட்டுமல்லர். விலங்கினின்று மனிதன் எவ்வளவு புதியவனோ, அவ்வளவு புதியவராய் மனிதகுலத்தில் தோன்றியவர். அவரில் படைப்பு தன் அடுத்த கட்டத்தை எட்டிற்று. தூய ஆவி அப்புதுப்படைப்பின் ஆற்றல்; அவ்வாற்றலில் பங்குபெற்று நாமும் புதிய மனிதராவதே நற்செய்தி. சபையும், கோட்பாடும், சடங்கும் இரண்டாம் நிலையின. பெர்க்சனின் படைப்புப் பரிணாமத் தத்துவமும் (1907), அரவிந்தரின் சிந்தனையும் இவ்வெண்ணத்தில் கலந்திருப்பதை எவரும் காணலாம். தெயார் த ஷார்தேன் என்னும் பிரெஞ்சு இயேசுசபைக் குருவின் பரிணாம இறையியல் நூல் அவர் மறைவுக்குப்பின் 1955இல்தான் அச்சேறிற்று. உலகமே அதைப் புதுமையென்று கொண்டாடியது. ஏறத்தாழ அதே திசையில் நடந்த ஒரு சென்னை வழக்கறிஞரை நம்மவரே மறந்திருந்தோம்.

செஞ்சையாவின் வலிமை எங்கே இருக்கிறது? அவர் பரிணாமத்துக்கு அஞ்சவில்லை. ஆதியாகமத்துக்கு வக்காலத்து வாங்கவும் இல்லை. வழக்கறிஞராயிருந்தும் வாங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. படைப்பைக் குறித்த திருமறைச் சாட்சி ஆதியாகமத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதை அவர் கண்டார். சிருஷ்டி முழுவதும் பிரசவ வேதனைப்படுவதாக ரோமர் எட்டாம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். கிறிஸ்துவுக்குள் இருப்பவன் புதுப்படைப்பு என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார். பிந்தின ஆதாமை முந்தின ஆதாமுக்கு நகலாக அவர் எங்கும் வைக்கவில்லை. இவ்வசனங்களை நாம் அடக்க ஆராதனையிலும் ஈஸ்டர் காலையிலும் வாசித்துவிட்டு, படைப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் மூடிவைத்து விடுகிறோம். படைப்பு நடந்துகொண்டிருக்கும் செயல் என்றால், அது நீண்ட காலம் எடுத்துக்கொண்டது என்னும் செய்தி விசுவாசத்துக்கு எதிராக எதனையும் நிரூபிப்பதில்லை.

அந்த நீண்ட காலத்துக்குச் சான்று தேடி நாம் வெளிநாட்டுக்குச் செல்லவும் வேண்டுவதில்லை. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், பரங்கிமலைக்குத் தெற்கே பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழங்கற்கால ஆராய்ச்சி அக்கல்லிலிருந்து தொடங்குகிறது. அவ்வாண்டே அவரும் வில்லியம் கிங்கும் கொற்றலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டனர். அங்கே கிடைத்த மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் 2011இல் வெளியிட்டனர். அடுத்த கட்டத் தொழில்நுட்பம் அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றிவிட்டது என்பதை 2018இல் அறிவித்தனர். ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் நெடுங்காலம் அச்சிடப்பட்டுவந்த, பேராயர் அஷ்ஷர் கணித்த கி.மு. 4004 என்னும் ஆண்டு, தோமா நின்று செபித்ததாக நாம் போற்றும் மலையின் அடிவாரத்திலேயே வலுவிழந்து போயிற்று.

இதில் நாம் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகமத்தைத் தமிழாக்கி 1850இல் வெளிவரச் செய்த அதே பெர்சிவல். ஆதியாகமத்தைத் தமிழில் தந்தவரும், அதனைக் கால அட்டவணையாக வாசிப்பதற்கு இடமில்லாமற் செய்த கல்லைக் கையிலெடுத்தவரும் ஒரே குடும்பத்தவர். அறிவியலும் திருமறையும் பிறப்பிலேயே பகையென்று மேடையில் முழங்குவோர், இரு தரப்பிலும், இக்குடும்பத்தை நினைத்துக்கொள்ளலாம்.

எழுத்தின்படியான வாசிப்பே நம் முன்னோரின் வாசிப்பு என்று சொல்லப்படுவதும் முழு உண்மையன்று. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீன் ஆதியாகமத்துக்கு எழுதிய விரிவுரையில், கடவுள் எல்லாவற்றையும் ஒருங்கே படைத்து, பின்னர் தத்தம் காலத்தில் வெளிப்படும்படி வித்தாற்றல்களை அவற்றுள் வைத்தார் என்றார். கிறிஸ்தவர் வானத்தையும் பூமியையும் பற்றி அறியாமையோடு பேசினால், அவர் சொல்லும் உயிர்த்தெழுதலை அறிஞர் எவ்வாறு நம்புவர் என்றும் எச்சரித்தார். திருமறையின் பிழையின்மையை வன்மையாகக் காத்த பிரின்ஸ்டனின் வார்ஃபீல்டு, பரிணாமத்துக்குத் தம் இறையியலில் இடம் உண்டென்று ஒப்பினார். பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்று அறிவியல் உடையில் வரும் இன்றைய கொள்கைக்குப் பெருவலிமை தந்தது 1961இல் அமெரிக்காவில் வெளிவந்த, விட்கமும் மாரிசும் எழுதிய பெருவெள்ளத்தைப் பற்றிய நூல். நம் ஊரில் அது கைப்பிரதிகளாகவும் ஒலிநாடாக்களாகவும் வந்து சேர்ந்தது. பாட்டனார் பக்தி என்று எண்ணி நாம் பாதுகாப்பது, பலவிடத்தும் நம் வாழ்நாளின் இறக்குமதிதான்.

இனிக் குறைக்கு வருவோம். செஞ்சையா பரிணாமத்தை ஏற்றார். ஆனால் அவர் ஏற்ற பரிணாமம் எது? சடம், உயிர், விலங்கு, மனிதன், அதற்கு மேல் கிறிஸ்து என்று படிப்படியாய் உயரும் ஓர் ஏணி அது. டார்வின் தந்தது ஏணி அன்று. 1837இல் அவர் தம் குறிப்பேட்டில் வரைந்தது கிளைவிடும் ஒரு மரம். 1859இல் வெளிவந்த அவருடைய பெருநூலில் இருக்கும் ஒரே வரைபடமும் கிளைவிடும் படமே. மேலானது, கீழானது என்னும் சொற்களைத் தவிர்க்கும்படி அவர் தமக்குத்தாமே ஓரக்குறிப்பு எழுதிக்கொண்டதும் உண்டு. அம்மரத்தில் எல்லா உயிரும் உறவு. உச்சிப்படி என்று ஒன்றும் இல்லை. ஏணியில் உறவைவிட உயரமே முக்கியம். இவ்விரண்டையும் செஞ்சையா பிரித்துப் பார்க்கவில்லை.

ஏணி அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டால், அக்காலத்துச் சென்னையில் அது எங்கும் சாத்திவைக்கப்பட்டிருந்தது எனலாம். தசாவதாரத்தை மீனில் தொடங்கி மனிதனில் முடியும் பரிணாம வரிசையாகக் காட்டும் வழக்கம், 1877இல் பிளவாட்ஸ்கி அம்மையார் எழுதிய நூலிலேயே இருக்கிறது. மயிலாப்பூர்ச் சபாக்களின் சொற்பொழிவுகளில் இன்றும் அதைக் கேட்கலாம். மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் அடுக்கும் பிறவிகளையும், தொல்காப்பிய மரபியலின் அறிவு வரிசையையும் டார்வினுக்கு முன்னோடி என்று காட்டும் தமிழ்ப் பேச்சாளரும் அதே ஏணியில்தான் ஏறுகின்றனர். (பிறவிச் சுழற்சியும் இனங்களின் தோற்றமும் ஒன்றாகா என்பதை அவர்களுக்கு யார் சொல்லுவது?)

அவ்வேணியை முழுத் தத்துவமாக்கியது அடையாறு. 1882இல் அங்கே தலைமையகம் அமைத்த பிரம்மஞான சபையின் போதனைப்படி மூல இனங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தோன்றி உயருகின்றன. அன்னி பெசன்ட் அம்மையார் 1898இல் தர்மத்தைக் குறித்து ஆற்றிய உரைகளில் நான்கு வருணங்களையும் ஆன்ம வளர்ச்சியின் படிகளாக விளக்கினார். இது வெறும் தத்துவமாக நின்றுவிடவில்லை. 1909இல் இந்தியன் ரெவியூ இதழில் தாழ்த்தப்பட்ட வகுப்பாரைக் குறித்து எழுதிய கட்டுரையில், அவர்தம் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்த்து வைக்கலாகாது என்றார். தலைமுறை தலைமுறையாக உணவாலும் குடியாலும் அவர்தம் உடலே வேறாகிவிட்டது என்பது அவர் காட்டிய காரணம். அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட நூலில் அக்கட்டுரையை நீளமாக எடுத்துப் பதிந்துவைத்தார். நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அதே சபையின் நிறுவனருள் ஒருவரான ஆல்காட், அதே அடையாற்றங்கரையில் 1894இல் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். அவர் பெயரால் அப்பள்ளி இன்றும் நடைபெறுகிறது. ஆயினும் ஏணி எதற்குப் பயன்படக்கூடும் என்பதற்கு 1909ஆம் ஆண்டுக் கட்டுரை போதிய சான்று.

செஞ்சையா இவ்விதம் எழுதியவர் அல்லர் என்பதை அழுத்திச் சொல்லுகிறோம். அவருடைய புதிய மனிதனுக்கு இனமும் வருணமும் இல்லை. ஆயினும் அவர் பயன்படுத்திய வடிவம், கீழ்ப்படியில் நிற்பவர் யார் என்ற கேள்விக்கு எப்போதும் இடம் வைத்திருக்கிறது. இன்னொரு குறையும் இதனோடு பின்னியுள்ளது. இயற்கையின் மரத்தில் தளிர்த்த கிளைகளைவிடப் பட்டுப்போன கிளைகளே மிகுதி. ஏணியில் ஏறுபவர் கண்ணுக்கு அழிந்தவை தெரிவதில்லை. செஞ்சையாவின் எழுத்தில் மனிதவுருவேற்பும் உயிர்த்தெழுதலும் ஒளிருமளவுக்குச் சிலுவை ஒளிருவதில்லை. சிலுவையையும் இந்தியச் சிந்தனையையும் குறித்து 1932இல் தனிநூல் செய்த சக்கரை இவ்விடத்தில் மைத்துனரைவிட ஆழமானவர் என்பது நம் கருத்து. பரிணாமத்தை மெய்யாகவே இறையியலுக்குள் கொண்டுவர விரும்பும் மாணவர், அழிந்துபோன உயிரினங்களின் பாடுகளைப் பற்றிச் சொல்ல ஏதேனும் வைத்திருக்க வேண்டும். அதற்குப் புதுப்படைப்பு என்னும் சொல் மட்டும் போதாது.

ஏணியை விட்டவர் நிலையான வகைகளுக்குத் திரும்பினால் காப்பாற்றப்படுவாரா? இங்கேதான் தமிழ்த் திருச்சபைக்கே உரிய ஓர் இடர் இருக்கிறது. மேனாட்டு விரிவுரைகளில் அதைப் பார்க்க முடியாது. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் பத்துமுறை வரும் எபிரேயச் சொல் "மீன்". நம் செவிக்கு அது வேறொன்றை நினைவூட்டும். எபிரேயத்தில் அதன் பொருள் வகை. நாம் ஆலயத்தில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு அதை "ஜாதி" என்கிறது. மல்லிகையில் பல ஜாதி, மரத்தில் பல ஜாதி என்று வழங்கிய தமிழில் அது குற்றமற்ற சொல்லாகவே அன்று தோன்றியிருக்கலாம். போவர் ஐயரின் குழுவினர் அம்மொழிபெயர்ப்பை முழுமையாக வெளியிட்டது 1871இல். மனிதனின் வழித்தோற்றத்தைக் குறித்த டார்வினின் நூல் இலண்டனில் வெளிவந்ததும் அதே ஆண்டில்.

நாம் தென்சென்னையில் சபைப்பணி ஆற்றிய காலத்தில், தியாகராய நகரில் ஒரு கிறிஸ்தவ இல்லத்தில் திருமணப் பேச்சு முறிந்துபோயிற்று. இருவரும் ஒரே பாடகர் குழுவில் பாடியவர்கள். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெற்றவர்கள். பெண்ணின் தகப்பனார் படித்தவர், வேதம் அறிந்தவர். நாம் பேசப் போனபோது அவர் வேதாகமத்தைத் திறந்து இந்த அதிகாரத்தில் விரலை வைத்து, "ஐயா, ஆண்டவரே ஜாதிப்படிதானே படைச்சிருக்கார்?" என்றார். பரிகாசமாக அவர் சொல்லவில்லை. எழுத்தின்படி வாசிப்பவர் தாமே என்னும் நிம்மதியோடு சொன்னார்.

அவருக்குச் சொல்லவேண்டிய மறுமொழி அதே அதிகாரத்தில் எழுத்தின்படியே இருக்கிறது. பூண்டுக்கும், மரத்திற்கும், நீர்வாழ்வனவற்றுக்கும், பறவைக்கும், காட்டு மிருகத்திற்கும், நாட்டு மிருகத்திற்கும், ஊருவனவற்றுக்கும் அச்சொல் வருகிறது. இருபத்தாறாம் வசனத்தில் மனிதனை நாடும்போது அச்சொல் நின்றுவிடுகிறது. மனிதர் தம் வகையின்படி உண்டாக்கப்பட்டார் என்று ஆசிரியர் எழுதவில்லை. அவ்விடத்தில் கடவுளின் சாயலை வைக்கிறார். பத்துமுறை பழகிய செவி பதினோராம் முறையும் எதிர்பார்க்கும் இடத்தில் அச்சொல் இல்லை. அப்போஸ்தலர் பதினேழாம் அதிகாரத்தில், ஏதென்ஸ் நகரத்தாரிடம் பவுல் மனிதகுலத்தின் எல்லா மக்களையும் ஒரே மூலத்தோடு இணைத்துப் பேசும்போது, நம் பழைய மொழிபெயர்ப்பில் அதே தமிழ்ச் சொல் மீண்டும் வருகிறது. இம்முறை ஒரே இரத்தத்திலிருந்து பிறந்ததாக வருகிறது. எழுத்தை மதிப்போர் இவ்விரு இடங்களையும் அருகருகே வைத்து வாசிக்கட்டும்.

டார்வினின் மரம் இவ்விடத்தில் நமக்குப் பகையாக வருவதில்லை. இன்று உயிரோடிருக்கும் மனிதர் அனைவரும் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பழைய மக்கள்கூட்டத்தின் பிள்ளைகள் என்பதே மரபணு ஆய்வின் முடிபு. இதைக்கொண்டு பவுலின் உரையை நிரூபித்துவிட்டோம் என்று மகிழ்வதும் தவறு. அது கால அட்டவணைக்காரர் செய்த பிழையையே வேறு வழியில் செய்வதாகும். பவுல் மரபணுவைப் பேசவில்லை. ஆனால் ஏணி மறைத்துவிடுகிற ஒன்றை மரம் காட்டுகிறது. பத்துமுறை வரும் சொல்லைத் தவறாய்க் கேட்ட செவிக்கு அது ஒரு மருந்து. செஞ்சையா தம் புதுப்படைப்பை ஏணியின் மேற்படியில் வைக்காமல் மரத்தோடு ஒட்டுப்போட்டிருந்தால், ரோமர் பதினோராம் அதிகாரத்து ஒலிவமரம் அவருக்கு எதிரிலேயே இருந்தது. அவர் அவ்வழி செல்லவில்லை. அது நம் மாணவரில் ஒருவர் எழுதவேண்டிய ஆய்வு.

எழுதவேண்டிய அவசரமும் உண்டு. 2023இல் நடுவண் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கியபோது, ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட அறிவியலாரும் ஆசிரியரும் எதிர்த்துக் கையெழுத்திட்டனர். நம் சபைகளில் சிலர் அந்நீக்கத்தை வெற்றியாகக் கொண்டாடியதைக் கேட்டோம்; அதைச் செய்தவர் ஆதியாகமத்துக்காகச் செய்யவில்லை என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை போலும். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்திலோ உயிரின் தோற்றமும் பரிணாமமும் பத்தாம் வகுப்பில் தனிப்பாடமாக இடம்பெற்றது. நம் பிள்ளைகள் திடப்படுத்தல் வகுப்புக்கு வரும் வயதும் ஏறத்தாழ அதுவே. காலையில் பள்ளியில் கேட்டதற்கு மாலையில் ஆலயத்தில் மறுப்பு மட்டுமே கிடைத்தால், அவர்கள் வாதிடுவதில்லை, வருவதை நிறுத்திவிடுகின்றனர். தரமணியிலும் கிண்டியிலும் பணிபுரியும் கிறிஸ்தவ இளைஞரைத் தேடிச் செல்லும் ஆயர் எவரும் இதை அறிவார்.

திடப்படுத்தல் வகுப்பில் இவ்வதிகாரத்தை நடத்தும் ஆயர்கள், பத்து இடங்களையும் பிள்ளைகளைக்கொண்டே அடிக்கோடிடச் செய்து, பின் இருபத்தாறாம் வசனத்தில் அச்சொல்லைத் தேடச் சொல்லலாம். 1995இல் கத்தோலிக்கரும் நம்மவரும் சேர்ந்து வெளியிட்ட பொதுமொழிபெயர்ப்பு "இனம்" என்னும் சொல்லை எடுத்துக்கொண்டது. அதுவும் தமிழ்நாட்டில் அரசியல் சுமை ஏறிய சொல்லே. "வகை" என்பது போதும் என்பது நம் எண்ணம். எனினும் நம் ஆலயங்களின் வாசிப்பு மேடையில் பழைய மொழிபெயர்ப்பே இருக்கிறது. அதை எடுத்துவிடச் சபையார் இசையமாட்டார், நாமும் கேட்கப்போவதில்லை. அடுத்த திருத்தக் குழு கூடும்போது இச்சொல்லை மேசையின்மேல் வைக்கும்படி நம் எபிரேய ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். அதுவரை, அப்பாடத்தை ஞாயிறு காலையில் வாசிப்பவர் வாசித்து முடித்தபின், அச்சொல்லின் பொருளை ஒரு வாக்கியத்தில் சபைக்கு எடுத்துரைக்க ஆயர் தடை சொல்லவேண்டியதில்லை.